செவ்வாய்க்கிழமைகள் நீங்கலாக

என் தம்பி எம்லின் வீட்டோடு இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினான் என்பது எனக்குத் தெரிய வந்தது போன மே மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். சொன்னது அரசாங்கம். கேட்டதும் என் வாயிலிருந்த டீ, டெலித்தின் புது மேஜை விரிப்பின்மேல் போயிற்று.

அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெண் ரியன், பையன் ஆலட். இரட்டையர். இப்போது நாற்பதை எட்டப்போகிறார்கள். அவர்களைப் பெற்றவள் டெலித், என் தம்பியின் மனைவி. நான் பக்கத்து வீடு. எங்கள் வெல்ஷ் மலைக் கிராமமான நான்ட்வென்னில் வீடுகளெல்லாம் மலைச்சரிவில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. நடுச்சுவர் காகிதம் மாதிரி. இரட்டையர் ராத்திரியில் அழுத அழுகை முழுவதும் என் தலையணைவரை வரும். அந்த அழுகைக்கு நடுவில் எம்லின் விட்ட குறட்டையும் வரும்.

டெலித்துக்கு அறுபத்தாறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தனக்கு அரசு பென்ஷன் எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதியிருந்தாள். பதிலில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டு, "இது எனக்கா, பூனைக்கா?" என்றாள்.

அவளுக்கு அந்தப் பணத்தில் ஒரு திட்டம் இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவனின் பெண்டாட்டி, ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. "எங்க போகணும்னாலும் நான்தான் கூட்டிட்டுப் போறேனே" என்பான் எம்லின். கூட்டிக்கொண்டும் போவான், அவனுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. கற்றுக்கொள்ளப் பணம் கேட்டால் "எதுக்கு?" என்பான். கெட்டவன் இல்லை, கேட்டால் கொடுத்துவிடுவான். ஆனால் அந்த 'எதுக்கு' முதலில் வந்துவிடும். அது வராத பணம் வேண்டும் என்பதுதான் டெலித்தின் ஆசை.

அதனால் அன்று பென்ஷன் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒரு கேக் வெந்து முடிகிற நேரம் வரை போனில் பாட்டுதான் வந்தது. பிறகு ஒரு பையன் குரல் வந்தது. மரியாதையான பையன். டெலித் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜாம் பாட்டில்மேல் சாய்த்து வைத்தாள்.

"மிஸஸ் ஹாப்கின், பிள்ளைங்க சின்னதா இருந்த வருஷங்க எதுவும் உங்க கணக்குல இல்லைங்க."

"இல்லாம எங்க போச்சு? நான் அங்கதானே இருந்தேன்."

"வீட்டுல இருந்து பிள்ளை வளர்த்தவங்களுக்கு அந்த வருஷமெல்லாம் பென்ஷனுக்குச் சேரும்ங்க. ஆனா பிள்ளை வளர்க்க அரசாங்கம் குடுக்கிற பிள்ளைப் பணம் யார் பேர்ல போச்சோ, அவங்கதான் வளர்த்தவங்கன்னு கணக்கு."

"யார் பேர்ல போச்சு?"

"எம்லின் ஹாப்கின்னு இருக்கு."

எம்லின் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான். பாதி பிஸ்கட் முறிந்து கோப்பைக்குள் மூழ்கியது. அவன் கவனிக்கவில்லை. என் டீ விரிப்புக்குப் போனதும் அப்போதுதான்.

"அவரு என்ன வேலை பார்த்தாருங்க?" என்றான் பையன்.

"பஸ் ஓட்டினாரு."

"முழு நேரமாவா?"

"அதுக்கும் மேல. ஓவர்டைம் வேற."

"அப்போ வேலைக்குப் போன கணக்கே அவருக்கு நிறைஞ்சிருக்கும். இந்த வருஷங்க அவருக்குத் தேவையே இல்லைங்க."

"அப்போ அவர் கணக்குல அது என்னதான் பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா இருக்குது."

"அவரை மாதிரியே" என்றாள் டெலித்.

எப்படி எம்லின் பெயருக்குப் போயிற்று என்றால், தள்ளுவண்டியால். இரட்டையர் பிறந்தபோது தேவாலயத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு தள்ளுவண்டி வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு குழந்தைகளும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற மாதிரி, ஒரு சோபா அகலத்துக்கு. பிள்ளைப் பணம் செவ்வாய்க்கிழமை தபால் ஆபீஸில் தருவார்கள். தபால் ஆபீஸ் வாசல் ஒரு ஆள் நுழைகிற அகலம். வண்டி நுழையாது. வண்டியை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகலாம் என்றால், ஆலட் எட்டு மாதத்திலேயே வாரைக் கழற்றத் தெரிந்தவன்.

எம்லினின் பஸ் நிறுத்தம் தபால் ஆபீஸுக்கு நேர் எதிரே. அவனே வாங்கி வரட்டும் என்று முடிவாயிற்று. டெலித் பெயரிலிருந்த, பணம் வாங்கும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பின்பக்கத்தில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். ஆனால் வரிசையில் நிற்பது எல்லாம் தாய்மார்கள். அவர்கள் நடுவில் பெண்டாட்டி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? கிளப்பில் தலைகாட்ட முடியுமா? புத்தகத்தைத் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டான். அது ஆம்பளை விவகாரம் ஆகிவிட்டது. செவ்வாய்தோறும் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வரிசையில் நிற்பான். பயணிகள் ஒன்றும் சொன்னதில்லை. பாதிப் பேர் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

போனை வைத்ததும் டெலித் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எம்லின் முந்திக்கொண்டான்.

"நான் எப்பவும் சொல்லிட்டுத்தானே இருந்தேன்? என் பங்கை நான் செஞ்சேன்னு? இப்ப அரசாங்கமே சொல்லுது!"

"அரசாங்கம் வந்து பார்த்துச்சா எம்லின்?" என்றேன் நான்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, அக்கா."

அன்று சாயங்காலமே கிளப்பில் சொல்லிவிட்டான். ரக்பி ஆட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்களாம். கூட வேலை பார்த்த விண்டம், "அப்போ தாய்ப்பாலும் நீதான் குடுத்தியா?" என்று கேட்டானாம். எம்லினுக்கு அதுவும் பாராட்டாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் பென்ஷன் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. விஷயம் சுலபம்தான். அந்த வருஷங்களில் பிள்ளைகளை முக்கியமாகப் பார்த்துக்கொண்டவள் டெலித்தான், நான் இல்லை என்று எம்லின் கையெழுத்துப் போட்டால், சும்மா கிடக்கிற வருஷங்கள் அவளுக்கு வந்துவிடும். அவனுடைய பென்ஷனில் ஒரு பைசா குறையாது.

எம்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். மறுபடி படித்தான். பேனாவை மூடி வைத்துவிட்டான்.

"இதுல நான் பிள்ளைங்களைப் பார்த்துக்கலன்னு எழுதியிருக்கு."

"முக்கியமாப் பார்த்துக்கலன்னு எழுதியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். என் கையால நானே எழுதிக் குடுக்கணுமா, நான் அப்பன் இல்லைன்னு?"

"அப்பன் இல்லைன்னு யாரு சொன்னா? அதுக்கு வேற தாள்" என்றேன் நான்.

"அக்கா, நீ சும்மா இரு." அவன் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, பனியில, அந்த மலைமேல பஸ்ஸை ஏத்தி இறக்கினேனே, யாருக்காக? அதெல்லாம் ஒண்ணுமில்லையா?"

"அதுக்குத்தான் உனக்கு முழு பென்ஷன் வருது, கண்ணு" என்றாள் டெலித். "நான் நாலு மணி வரைக்கும் தூங்கினதே இல்லையே, அதுக்குத்தான் இந்தத் தாள்."

எம்லின் தோட்டத்துக்குப் போய் வெங்காயத் தாள்களுக்குத் தண்ணீர் ஊற்றினான். மழை பெய்துகொண்டிருந்தது.

டெலித் தாளைக் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எம்லினுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பாடு நேரத்துக்கு வந்தது. துணி மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. ஆனால் அவள் எங்கேயாவது போக வேண்டுமென்றால் அவனைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் போனாள். முன்னாள் பஸ் டிரைவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. "அந்தப் புது டிரைவர் நல்லா ஓட்டுறான். திருப்பத்துல குலுங்கவே இல்ல" என்று வேறு வந்து சொல்வாள்.

இந்த நிலைமையில்தான் மிஸஸ் ப்ராஸர் கதவைத் தட்டினாள். எங்கள் ஊர் கார்னிவல் கமிட்டிக்கு அவள்தான் செயலாளர். உலகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருப்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. கிளப் பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது, அப்படியே நம்பிவிட்டாள்.

"மிஸ்டர் ஹாப்கின், கார்னிவல்ல கொழுகொழு குழந்தைப் போட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் நர்சம்மாதான் நடுவர். அவங்க ஊர் மாறிப் போயிட்டாங்க. ஒரு ஆம்பளை, அதுவும் ரெட்டைப் பிள்ளைங்களை வளர்த்ததா அரசாங்கமே ஒத்துக்கிட்ட ஆளு நம்ம ஊர்ல இருக்கும்போது, நான் எதுக்கு வெளியூர்ல தேடணும்?"

எம்லின் சிவந்தான். மறுக்கத்தான் வாயைத் திறந்தான் என்று நினைக்கிறேன். அதற்குள் டெலித் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"வருவாரு. கட்டாயம் வருவாரு."

மிஸஸ் ப்ராஸர் போனதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்க பாரு. அங்க போய் நீ சமாளிச்சிட்டேன்னா, அந்தத் தாளைப் பத்தி நான் செத்தாலும் வாய் திறக்க மாட்டேன்."

"சமாளிக்கலைன்னா?"

"பேனா நான் கொண்டு வரேன்."

வார்த்தை கொடுத்தால் காப்பாற்றுகிறவள் அவள். ஒரு மணி நேரம் எம்லின் தப்பித்தான் என்றால், பிள்ளைகள் வளர்ந்த அந்தப் பதினாறு வருஷமும் போயே போய்விடும், கார் பாடமும் சேர்ந்து.

கார்னிவல் சனிக்கிழமை, தேவாலயத்துக் கூடத்தில் எட்டுக் குழந்தைகள் அம்மாக்கள் மடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எம்லின் கல்யாணத்துக்குப் போட்ட டையில் வந்திருந்தான். ரியனும் தன் கைக்குழந்தை மாட்டோவோடு வந்திருந்தாள். தாத்தா நடுவர் என்பதால் பேரன் போட்டியில் இல்லை. டெலித் இரண்டாவது வரிசையில், மடியில் ஒரு தட்டு வெல்ஷ் கேக்கும் கைப்பையும். பைக்குள் பேனா இருந்தது, தாளும் இருந்தது.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. கன்னத்தைத் தட்டினான், தலையை ஆட்டினான், ஏதோ மதிப்பெண் போட்டான். பிறகு ஒரு இளம் தாய் கேட்டாள்.

"மிஸ்டர் ஹாப்கின், உங்க பிள்ளைங்களுக்குப் பல்லு முளைக்கும்போது என்ன பண்ணீங்க? இவ ராத்திரியெல்லாம் கத்துறா."

"பல்லா? அது... அதுபாட்டுக்கு முளைச்சிரும்மா."

"கத்தலையா?"

"எனக்குக் கேட்டதா ஞாபகம் இல்ல."

இது சத்தியமான வார்த்தை. குறட்டைக்கு நான் சாட்சி.

"எப்ப நடந்தாங்க?" என்றாள் இன்னொருத்தி.

"கரெக்ட் டைமுக்கு நடந்தாங்க. ஒரு நிமிஷம் லேட் இல்ல."

"ரெண்டு பேர்ல யார் முதல்ல?"

எம்லின் டெலித்தைப் பார்த்தான். டெலித் கேக்கைப் பார்த்தாள்.

"ரியன்தான். அவ எப்பவும் சுறுசுறுப்பு."

"அப்பா!" பின்னாலிருந்து ரியன் கத்தினாள். "ஆலட்தான் முதல்ல! நான் ஒன்றரை வயசு வரைக்கும் உட்கார்ந்தபடியே தரையைத் தேய்ச்சிட்டு இருந்தேன். அதனாலதான் எனக்கு எல்லா ஜட்டியிலயும் ஓட்டை!"

கூடம் அதிர்ந்தது. விண்டம் நாற்காலியிலிருந்து வழுக்கினான். மிஸஸ் ப்ராஸர் மட்டும் சிரிக்காமல், ஒரு குழந்தையைத் தூக்கி எம்லின் கையில் வைத்தாள். "எடையை உத்தேசமா நீங்களே சொல்லிடுங்க. நர்சம்மா கையாலயே சொல்லுவாங்க."

குழந்தை எம்லின் முகத்தை ஒரு கணம் ஆராய்ந்தது. பிறகு வாயைத் திறந்தது. இன்னொரு குழந்தைக்கு அது தொற்றியது. அடுத்த நிமிஷம் எட்டும் சேர்ந்து பாடின. மாட்டோவும் பின்னாலிருந்து கலந்துகொண்டான். எம்லின் குழந்தையை மேலே தூக்கினான், கீழே இறக்கினான், பார்சலைத் திருப்புவது போலத் திருப்பினான். நெற்றியில் வேர்வை வழிந்தது. டெலித் கைப்பையைத் திறந்தாள்.

அப்போது அவன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ட்ர்ர்ர்ர்ர்..."

பழைய பஸ் மலையடிவாரத்தில் முதல் கியரில் கிளம்புகிற சத்தம். குழந்தை அழுகையை நிறுத்தி அவன் உதட்டைப் பார்த்தது. அவன் இரண்டாவது கியருக்கு மாறினான். ஒரு பக்கம் சாய்ந்து திருப்பத்தில் வளைந்தான். "ஷ்ஷ்" என்று கதவைத் திறந்தான். "தபால் ஆபீஸ்! தபால் ஆபீஸெல்லாம் இறங்கு!" இரண்டாவது குழந்தை நிறுத்தியது. மூன்றாவதும். அவன் கூடத்தைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறினான். பழைய சுரங்க வாசல், இறைச்சிக்கடை, கல்லறை மூலை, உச்சி. உச்சியில் பஸ்ஸைத் திருப்பும்போது எட்டுக் குழந்தைகளும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவர்களும் அப்படித்தான்.

டெலித் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடக் கடவுளே, நெஸ்டா. செவ்வாய்க்கிழமை!"

எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செவ்வாய்தோறும் பணத்தை வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியிலிருந்து இரண்டையும் அள்ளி எடுத்துப் போய், தன் இருக்கைக்குப் பின்னால் ஏதாவது ஒரு கிழவியின் மடியில் போட்டுவிடுவான். உச்சிக்குப் போய்த் திரும்பும் வரை. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போயிருக்கும். டெலித் அந்த ஒரு மணி நேரம் நிறுத்தத்து பெஞ்சிலேயே தூங்குவாள், காலி வண்டியில் கால்களைப் போட்டுக்கொண்டு.

கைத்தட்டல் கிளம்பியது. மிஸஸ் ப்ராஸரே ஒரு தட்டு தட்டினாள். எம்லின் ஜெயித்துவிட்டான். அவனுக்கும் அது தெரிந்தது; நெஞ்சு டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. டெலித் கைப்பையை மூடினாள். க்ளிக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது.

பல்லைப் பற்றிக் கேட்ட பெண், தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எம்லினிடம் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம் அவளுக்கு.

"அற்புதம் மிஸ்டர் ஹாப்கின். தினமும் இப்படிப் பண்ணுவீங்களா?"

"இல்லம்மா. செவ்வாய்க்கிழமை."

"மத்த நாளெல்லாம்?"

கேலியாகக் கேட்கவில்லை அவள். ராத்திரியைக் கழிக்க வழி தேடித்தான் கேட்டாள். எம்லின் வாயைத் திறந்தான். புதன்கிழமையைத் தேடினான் போலிருக்கிறது, வியாழக்கிழமையைத் தேடினான். அவளுடைய கறுப்பு வளையங்களைப் பார்த்தான். பிறகு இரண்டாவது வரிசையைப் பார்த்தான்.

"மத்த நாளைப் பத்தி அதோ அந்தம்மாவைக் கேளு" என்றான். "டெலித், பேனாவைக் குடு."

"நீதான் ஜெயிச்சிட்டியே."

"குடுங்கறேன்ல."

பியானோ மூடியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, யாரும் தடுக்கும் முன், ஓரத்தில் ஒரு வரி எழுதினான்: செவ்வாய்க்கிழமைகள் நீங்கலாக.

சில வாரம் கழித்து அந்த மரியாதையான பையன் அவனாகவே போன் செய்தான். மறுபடியும் ஜாம் பாட்டில், ஸ்பீக்கர்.

"மிஸஸ் ஹாப்கின், எல்லா வருஷமும் உங்க கணக்குக்கு மாத்தியாச்சு. ஆனா ஓரத்துல ஒரு வரி இருக்கு. செவ்வாய்க்கிழமையை மட்டும் அவருக்குப் பிரிச்சுக் குடுக்க எங்ககிட்ட வழி இல்லைங்க."

"பிரிக்க வேண்டாம்பா" என்றான் எம்லின். "படிச்சீங்கல்ல? அது போதும்."

"படிச்சோம் சார். ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்." பையன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வேற யாரையாவது வீட்டோட வெச்சுப் பார்த்துக்கிட்டீங்களாம்மா? நோயாளிங்க, வயசானவங்க?"

"மாமியாரை. பிள்ளைங்க பெரிசானப்புறம், ஏழு வருஷம். முன்னறையில கட்டில் போட்டு."

"அவங்களுக்கு உதவித்தொகை எதாவது வந்துச்சா?"

"கேட்கவே மாட்டேன்னுட்டாங்க. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, கால் மட்டும்தான் வரலன்னாங்க."

"உதவித்தொகை வாங்கலைன்னா அந்த வருஷங்க கணக்குல..."

"தெரியும், தம்பி. விடு."

அது என் அம்மா. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு முழு பென்ஷன் வருகிறது. அந்த நிமிஷம் நான் மேஜை விரிப்பிலிருந்த டீக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணம் வரத் தொடங்கியது. டெலித் வேறு ஊர்க்காரர் ஒருவரிடம் கார் பாடத்துக்குச் சேர்ந்தாள். "நான் சொல்லித் தரேனே" என்றான் எம்லின். "எதுக்கு?" என்றாள் அவள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. போன செவ்வாய்க்கிழமை ரியன் மாட்டோவைத் தூக்கிக்கொண்டு டீ குடிக்க வந்தாள். அவள் வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். பேச்சுவாக்கில் டெலித் கேட்டாள்.

"மாட்டோவோட பிள்ளைப் பணம் உன் பேர்லதானே வருது? உன் புருஷன் பேர்ல இல்லியே?"

"யார் பேர்லயும் இல்லம்மா. நாங்க கேட்கவே இல்ல. இவரு சம்பளத்துக்கு, வாங்கினாலும் அத்தனையும் வரியாத் திருப்பிக் கட்டணுமாம். வாங்கித் திருப்பிக் குடுக்கிறதுக்கு எதுக்கு வாங்கணும்?"

டெலித்தின் கரண்டி கோப்பையில் அப்படியே நின்றது.

"எழுதியே குடுக்கலையா?"

"இல்லையே. ஏன்?"

"பணம் வேண்டாம்னு சொல்லிட்டுக்கூட பேரைப் பதிஞ்சுக்கலாமாம், அந்தப் பையன் சொன்னான். பதியலைன்னா உன் வருஷமெல்லாம்..." வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து, ஜாம் பாட்டிலை மேஜை நடுவுக்கு இழுத்தாள். "நெஸ்டா, கேக் மாவைப் பிசை. நேரமாகும். ரியன், உட்காரு. போனை எடு."

"அம்மா, மாட்டோவுக்குத் தூக்கம் வர்ற நேரம். அழ ஆரம்பிச்சா போன்ல ஒண்ணும் கேட்காது."

எம்லின் ஏற்கனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பேரனை அள்ளித் தோளில் போட்டான்.

"அதைப் பத்தி நீ கவலைப்படாத. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை."

போனில் பாட்டு ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே, மலைப்பாதையில், ஒரு பழைய பஸ் முதல் கியரில் மெல்ல ஏறிப் போகும் சத்தம் கேட்டது.